இருபத்தேழு – இருபத்திநாலு

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கவியா தன் அக்கா பாண்டிச்செல்விக்குப் போன் போடுவாள். ஜெயிச்சியா, அடிபட்டுச்சா, சாப்பிட்டியா என்று ஊரில் நாலு பேர் கேட்கிற எதையும் அக்கா கேட்க மாட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "எத்தன விட்ட?" என்பாள்.

கவியா இந்தியப் பெண்கள் ஹேண்ட்பால் அணியின் கோல் கீப்பர். பக்கத்தில் வந்து ஓங்கி எறிகிற பந்தைக் கையைக் கொடுத்து, காலைக் கொடுத்து, சமயத்தில் முகத்தைக் கொடுத்துத் தடுக்கிற வேலை. ஓர் ஆட்டத்தில் இருபது முப்பது கோல் விழுவது சர்வ சாதாரணம். நிமிஷத்துக்கு ஒன்று, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று விழுந்துகொண்டே இருக்கும். எப்பேர்ப்பட்ட கீப்பரும் பாதிக்கு மேல் விட்டுத்தான் ஆக வேண்டும். இது பாண்டிச்செல்விக்குத் தெரியாததா? வள்ளியூர்ப் பக்கம் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தக் கோல் கம்பத்துக்கு நடுவில் முதலில் நின்றவளே அவள்தான். மாநில அணி வரைக்கும் போனாள். அம்மா செத்து, அப்பா தளவாய்க்கு இடுப்பு போய்ப் படுத்ததும், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒரகடத்துக்கு பஸ் ஏறி, காருக்கு வயர் செட் கட்டும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அவள் விட்டுவிட்டு வந்த இடத்தில் தங்கச்சி போய் நின்றாள்.

பாசம் இல்லாமல் இல்லை. தங்கச்சிக்கு ஷூ வாங்கி அனுப்பியது அவள்தான். முழங்கால் உறை அனுப்பியதும் அவள்தான். ஆனால் அந்த வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அது மட்டும் மூன்று வருஷமாகியும் அடங்கவில்லை. கவியா இந்திய அணிக்குத் தேர்வான அன்றைக்கு ஊரே கொண்டாடியது. அக்கா போனில் சொன்னது, "ஒனக்கு எடது காலு லேட்டா வருது. அதப் பாரு மொதல்ல." அவ்வளவுதான். கவியாவும், "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். பாவம், அந்தப் பிள்ளை என்றைக்குத்தான் எதிர்த்துப் பேசியிருக்கிறது!

இரண்டாயிரத்துப் பத்து நவம்பரில் ஆசிய விளையாட்டுக்காக அணி சீனாவுக்குப் போனது. யாரும் எதிர்பார்க்காமல் தட்டுத்தடுமாறி வெண்கலப் பதக்க ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ரயில்வேயில் ஓர் அதிகாரி கவியாவிடம் முன்பே சொல்லியிருந்தார்: "பதக்கத்தோட வாம்மா, வேலை ஆர்டர் தயாரா இருக்கும்." பதக்கம் இல்லையென்றால்? கவியாவுக்குப் பத்தொன்பது வயசு. கையில் வேறு வேலை கிடையாது. அப்பா ஏற்கெனவே, "அக்கா கம்பெனியிலயே சேந்துரு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பாண்டிச்செல்வி அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு மணி நேரம் நின்ற இடத்தில் நின்று, மூத்திரத்துக்குப் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்கிற இந்த லைனில் தான் ஒருத்தி நிற்பது போதும் என்று நினைத்தாள். கம்பெனி கொடுத்த இந்த நீலக் கோட்டு கவியா உடம்பில் ஏறக்கூடாது. தங்கச்சிக்காக அவள் மனசார வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

ஆட்டம் நம்ம நேரத்துக்குப் பகல் ஒரு மணி. பாண்டிச்செல்விக்கு முதல் ஷிப்டு, இரண்டரை வரைக்கும். போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிவியிலும் அந்த ஆட்டத்தைக் காட்டவில்லை.

அன்றைக்குப் பார்த்து அடைமழை. வயர் முனையில் மாட்டுகிற கனெக்டர் ஏற்றி வந்த லாரி எங்கேயோ மாட்டிக்கொள்ள, பன்னிரண்டே முக்காலுக்கு லைன் நின்றுபோனது. பெண்கள் எல்லாம் மேஜையைத் துடைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் மெயின்டனன்ஸ் பையன் ஜீவானந்தம் வந்தான். வல்லம் வடகால்காரன். இப்போது தொழிற்சாலை நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவன் தாத்தா நெல் அறுத்ததாகச் சொல்லிக்கொள்வான்.

"யக்கா, உன் தங்கச்சி மேட்ச் ஆரம்பிச்சிக்கீது. கேபின் கம்ப்யூட்டர்ல ஸ்கோர் வருது. நான் ஒண்ணு பண்றேன் பாரு" என்றான்.

லைன் தலைமாட்டில் பெரிய சிவப்பு எழுத்து போர்டு ஒன்று தொங்கும். மேலே டார்கெட், நடுவில் ஆக்சுவல், கீழே டிஃபரன்ஸ். டார்கெட் என்பது காலையில் போட்டால் ஷிப்டு முடியும் வரைக்கும் நகராது. ஆக்சுவல் என்பது முடிந்த வயர் செட்டின் கணக்கு. கடைசி மேஜையில் சரிபார்த்த செட்டைச் சறுக்கில் தள்ளிவிட்டால், சறுக்கின் ஓரத்தில் இருக்கிற சென்சார் பார்த்து ஒன்று கூட்டிக்கொள்ளும். அந்தக் கடைசி மேஜை பாண்டிச்செல்வியுடையது. டிஃபரன்ஸ் எப்போதும் மைனஸில்தான் இருக்கும். அதை பிளஸில் பார்த்தவர்கள் அந்த லைனில் யாரும் இல்லை.

சூப்பர்வைசர் இராமச்சந்திரன் லைன்தான் நிற்கிறதே என்று கண்டும் காணாமல் இருந்தார். ஜீவானந்தம் சென்சாரை நிறுத்திவிட்டு, ரிமோட்டை வைத்து டார்கெட் இடத்தில் எதிரணி கோலையும் ஆக்சுவல் இடத்தில் இந்தியா கோலையும் போட்டான். "சென்சார் ஆஃப் பண்ட்டேன்க்கா. இனிமே நான் போட்டாத்தான் நம்பர் மாறும்" என்று பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டு கேபினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடடா, அந்த ஒரு மணி நேரம்! இந்தியா எட்டு, எதிரணி பத்து. இந்தியா பதினஞ்சு, எதிரணி பதினஞ்சு. ஹேண்ட்பால் என்றால் சதுரமா உருண்டையா என்று தெரியாத பெண்கள் எல்லாம் போர்டைப் பார்த்துக் கத்தினார்கள். பக்கத்து மேஜை சசிரேகா கை உறையைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "உன் தங்கச்சி இன்னாடி இத்தினி விடறா?" என்று அவள் கேட்டபோது பாண்டிச்செல்விக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நீ போயி நின்னு பாரு, தெரியும்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தங்கச்சிக்குப் பரிந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

போர்டில் இருபத்திநாலுக்கு இருபத்திரண்டு. இந்தியா இரண்டு கோல் பின்னால். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று கேபின் கண்ணாடி வழியாக ஜீவானந்தம் பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.

அந்த நேரத்தில் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. மூன்றாம் லைனில் மெஷின் மாட்டிக்கொண்டது என்று அவனைக் கூப்பிட்டார்கள். ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் ஓடினான். போர்டிலேயே கண்ணாக இருந்த பெண்கள் அதைக் கவனிக்கவில்லை. அவன் போன வாசலிலேயே கனெக்டர் பெட்டி உள்ளே வந்தது. "லைன் ஸ்டார்ட்! சீக்கிரம், சீக்கிரம்!" என்று இராமச்சந்திரன் பட்டனை அழுத்தினார். லைனை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சென்சார் தானாக உயிர் பெற்றுவிடும். ஜீவானந்தத்துக்கு அது தெரியும். அவன் அங்கே இல்லை. இராமச்சந்திரனுக்கு அது நினைப்பில்லை.

முடிகிற நிலையில் நின்றிருந்த செட்டுகள் ஒவ்வொன்றாகக் கடைசி மேஜைக்கு வந்தன. பாண்டிச்செல்வி ஒன்றைச் சரிபார்த்துத் தள்ளினாள். போர்டில் இருபத்திமூன்று.

"ஏய்!" என்று சசிரேகா குதித்தாள்.

ஒன்றரை நிமிஷம் கழித்து இருபத்திநாலு. லைன் முழுக்க ஓவென்று சத்தம். டிஃபரன்ஸ் சைபர். பிறகு இருபத்தஞ்சு. டிஃபரன்ஸில் பிளஸ் ஒன்று. மேலே இருக்கிற இருபத்திநாலு அசையவே இல்லை.

பாண்டிச்செல்வி அந்த இருபத்திநாலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு ஏறுகிற எண்தான் பெரிசு. கீப்பராக நின்றவளுக்குத்தான் ஏறாத எண்ணின் அருமை தெரியும். அது நகரவில்லை என்றால் நகர விடாமல் ஒருத்தி நிற்கிறாள். கவியா நிற்கிறாள். இடது கால் இப்போது நேரத்துக்கு வருகிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தொடையெல்லாம் கன்றிப்போய், ஒன்றைக்கூட விடாமல் நிற்கிறாள். பாண்டிச்செல்விக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கையிலிருந்த செட்டைத் தள்ளினாள். இருபத்தாறு. மூன்று வருஷமாகத் தன் கையால் ஏறுகிற எண் அது. தினமும் அவள் தள்ளித்தான் ஏறும். அன்றைக்கு அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கணக்குப் பார்க்க வேண்டிய புத்தியை ஆசை எங்கோ அனுப்பிவிட்டிருந்தது. இன்னொன்று தள்ளினாள். இருபத்தேழு.

அதற்குமேல் முடிந்த செட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. இராமச்சந்திரன் அடுத்த ஷிப்டுக்காகப் போர்டை அழித்தார். பெண்கள் பாண்டிச்செல்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் யாரையும் கட்டிப்பிடிக்காமல் லாக்கரைப் பார்த்து ஓடினாள்.

போனை எடுத்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் அடித்தாள். "எப்பா, வெண்கலம்! நம்ம கவியா வெண்கலம்!" இடுப்பு போன மனுஷர் கட்டிலில் இருந்தபடியே தெருவைப் பார்த்துக் கத்தியது போனில் கேட்டது. யாரோ வெடி வாங்க ஓடினார்கள். அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது நீளமான நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"எக்கா" என்றாள் கவியா. குரல் அடைத்திருந்தது.

அக்கா அவளைப் பேச விட்டால்தானே! "ஏட்டி! என் தங்கமே! அழாத. இல்ல, அழு, நல்லா அழுட்டி. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தோம். கடேசி பத்து நிமிஷம் ஒண்ணு விட்டியா நீ? ஒண்ணு விட்டியா? இருபத்திநால அப்படியே நிப்பாட்டிட்டியேட்டி!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கவியா, கேக்குதா? நான் ஒண்ணு சொல்லுதேன். நான் ஆடுனதெல்லாம் ஒரு ஆட்டமாட்டி! என்னைய விட நல்ல கீப்பர் நீ. நெசமாச் சொல்லுதேன்."

"நெசமாவாக்கா?" என்று கேட்டாள் கவியா.

"நம்ம அம்ம மேல சத்தியமா."

"இன்னொரு தடவ சொல்லுக்கா."

"என்னைய விட நல்ல கீப்பர் நீ."

"சரிக்கா" என்றாள் கவியா. கார்டில் காசு தீர்ந்து போன் அறுந்துபோனது.

பாண்டிச்செல்வி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். மூன்று வருஷமாக உள்ளே கிடந்த எரிச்சல் ஒரே வாக்கியத்தில் கரைந்துவிட்டது. இவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்ததை இத்தனை நாள் ஏன் சொல்லாமல் வைத்திருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் கிளம்பப் போகிற சமயத்தில் ஜீவானந்தம் மழையில் ஓடி வந்து ஏறினான். கையில் ரிமோட். பெண்கள் எல்லாம், "டேய், ஜெயிச்சிட்டோம்டா!" என்று கத்தினார்கள். அவன் முகம் செத்துக் கிடந்தது.

"யக்கா, தப்பு நடந்துபோச்சுக்கா" என்றான். "நான் லைன் மூணுக்குப் பூட்டேன். இப்பத்தான் கேபின்ல வந்து பாத்தேன். முப்பதுக்கு இருபத்திமூணுக்கா. தோத்துட்டாங்க. லைன் ஸ்டார்ட் ஆனதும் சென்சார் ஆட்டோவுக்கு வந்துடுச்சு. நீங்க பாத்தது கோல் இல்லக்கா. உன் வயர் செட்டுக்கா."

சசிரேகா முதலில் அவனை அடிக்கக் கை ஓங்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

பாண்டிச்செல்விக்கு அவன் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பது என்றால் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஆறு. கவியா ஆறு கோல் விட்டிருக்கிறாள். பதக்கம் போயிற்று, ரயில்வே போயிற்று. அதையெல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் போனில் பேசியது ஞாபகம் வந்தது. ஆறு கோல் விட்டுவிட்டு, அழுது முடித்து, எத்தன விட்ட என்று அக்கா கேட்பாளே என்று பயந்து பயந்து போன் போட்ட பிள்ளையிடம், ஒன்றுகூட விடவில்லையே என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பிள்ளை, இல்லை என்று சொல்லாமல், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறது. அங்கேயே, அத்தனை பேர் நடுவிலேயே, அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நம்பருக்கு மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தாள். அது ஏதோ பொது போன், யாரும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு மறுநாள்தான் சொன்னாள். அவர், "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வெடி போட்ட குப்பை இன்னும் தெருவில் கிடந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கவியா தாம்பரத்தில் வந்து இறங்கினாள். ஊருக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்? நாட்டின் பேர் போட்ட நீலக் கோட்டும் பெரிய பையுமாக அவள் பிளாட்பாரத்தில் நிற்பதைப் பார்த்ததும் பாண்டிச்செல்வி ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் பிடித்து வல்லம் வடகால் ரூமுக்கு வந்தார்கள். ரூமில் கூட இருக்கிற பெண்கள் கடைக்குப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டார்கள்.

அக்கா சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். கவியா பிசைந்துகொண்டே இருந்தாள். வலது கண்ணுக்குக் கீழே பந்து பட்ட இடம் மஞ்சள் பாரித்துப்போய் இருந்தது.

"ஏட்டி" என்றாள் பாண்டிச்செல்வி. "அன்னைக்கு நான் போன்ல அப்படிக் கத்துனப்ப, தோத்துட்டோம்னு ஏன் சொல்லல நீ?"

கவியா நிமிரவில்லை. "சொல்லத்தான் வந்தேன். நீ பேச ஆரம்பிச்சுட்ட. யாரோ உனக்குத் தப்பாச் சொல்லியிருக்காவன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு."

"பொறவு?"

"நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லியேக்கா. தோத்துட்டம்னு சொன்னா நிப்பாட்டிருவ. அதான் சொல்லல."

பாண்டிச்செல்வி எச்சில் கையோடு இருந்த தங்கச்சியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் சொன்னது நெசந்தான்ட்டி, நீ தோத்தாலும் நெசந்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கவியா தலையாட்டினாள். ஆனால் ஜெயித்தவளிடம் சொன்ன வார்த்தை வேறு, தோற்றவளிடம் சொல்கிற வார்த்தை வேறு. அது சொன்னவளுக்கும் தெரிந்தது, கேட்டவளுக்கும் தெரிந்தது. எவ்வளவு சொல்லியும் அந்த மழை நாளில் சொன்னது போல ஒரு தடவைகூட வாயில் வரவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே கவியா கேட்டாள். "உங்க கம்பெனில ஆளு எடுக்காவளாக்கா?"

வேண்டாம் என்று சொல்ல பாண்டிச்செல்வியிடம் வார்த்தை இருந்தது. வேறு என்ன செய்யட்டும் என்று கவியா திருப்பிக் கேட்டால் எந்த வேலையைக் காட்டுவாள்? "எடுக்காவ" என்றாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கவியா லைனுக்கு வந்தாள். நாலாவது மேஜை, டேப் சுற்றுகிற வேலை. கம்பெனி கோட்டு அவளுக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது; பெரிய அளவு இல்லை என்று ஸ்டோரில் கைவிரித்துவிட்டார்கள். ஜீவானந்தம் அந்த லைன் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தான். அன்றைக்கு வந்தவன், கவியாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

காலை ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது. மேலே டார்கெட் முந்நூற்றுப் பத்து. நடுவில் ஒன்று, இரண்டு, பத்து, இருபது. கவியா சுற்றிக் கொடுத்த செட்டு மேஜை மேஜையாக நகர்ந்து அக்காவிடம் வந்தது. டேப் சுற்று ஒரே சீராக இருந்தது. முதல் நாளில் இப்படிச் சுற்றியவர்களை பாண்டிச்செல்வி பார்த்ததில்லை. நல்ல கை. தள்ளினாள். இருபத்தாறு. இன்னொன்றைத் தள்ளினாள்.

போர்டில் இருபத்தேழு.

அவள் நாலாவது மேஜையைப் பார்த்தாள். கவியா டேப்பைக் கையில் பிடித்தபடி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த எண்ணை அக்கா அவளிடம் சொல்லியிருந்தாள், ஒவ்வொன்றாக எப்படி ஏறியது என்பது உட்பட. கவியா பார்த்த பார்வையில் அழுகை இல்லை. தனக்கு வராமல் போன ஒன்று எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கிற பார்வை.

அடுத்த செட்டு பாண்டிச்செல்வியின் கைக்கு வந்துவிட்டது. சரிபார்த்தாயிற்று. தள்ளினால் இருபத்தெட்டு ஆகிவிடும். அவள் தள்ளவில்லை. பின்னால் இன்னொரு செட்டு வந்து முட்டியது. பிறகு இன்னொன்று. சசிரேகா திரும்பிப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், புரிந்துகொண்டு தன் கையையும் நிறுத்தினாள். லைன் நெரிந்து பஸ்ஸர் அலறியது.

"கடைசி டேபிள்! என்னாச்சு அங்க?" என்று இராமச்சந்திரன் கத்திக்கொண்டே வந்தார்.

கவியா போர்டிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தாள். "தள்ளுக்கா" என்றாள்.

பாண்டிச்செல்வி தள்ளினாள்.